ஒற்று மிகும் இடம்

"'க்' இல்ல. 'ட்'டும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு," என்றார் அவர்.

மெக்கானிக் கை துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டார். "சார், எழுத்தெல்லாம் வேணாம். சத்தம் எங்கேருந்து வருது? முன்னாடியா, பின்னாடியா?"

"நடுவுல. பி-க்கும் டி-க்கும் நடுவுல. நிக்கிற வண்டியோட கியரை பார்க்கிங் பி-யிலேருந்து டிரைவ் டி-க்கு மாத்துறேன். ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன். வண்டி நகரணுமா இல்லையா? நகராது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணலாம், அவ்வளவு நேரம் யோசிக்கும். அப்புறம் அடியில ஒரு சத்தம். 'டொக்'னு வச்சுக்குங்க. ஆனா அந்த 'க்' முழுசா வராது. அதுக்கப்புறம் ஒரு தூக்குத் தூக்கிட்டுத்தான் நகரும்."

"அப்படிச் சொல்லுங்க. இழுவை லேட்டு. டொக்கு சத்தம்."

"டொக்குச் சத்தம்," என்று திருத்தினார் அவர். "அங்க ஒரு 'ச்' வரும்."

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும், அதெல்லாம் அவருக்குப் பழகிப்போன பார்வை. அச்சகத்தில் அவரை எல்லாரும் 'ஒற்றர்' என்றுதான் கூப்பிடுவார்கள். உளவு பார்க்கிறவர் என்று அர்த்தமில்லை. பிழை திருத்துகிறவர். இரண்டு சொல் சேரும் இடத்தில் ஓர் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்தே பாதித் தலைமுடியைத் தொலைத்தவர். மருந்துப் பெட்டி ஒன்றில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பது 'குழந்தைகளை எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று அச்சாகப் போனதைக் கடைசி நிமிடத்தில் பிடித்து நிறுத்திய பெருமை அவருக்கு உண்டு. அன்றிலிருந்து சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவர் வாசற்படி தாண்டியதில்லை.

"உங்க போர்டுலகூட ஒரு தப்பு இருக்கு," என்றார் ஒற்றர். "'எல்லா ஆட்டோமேட்டிக் வேலைச் செய்யப்படும்'னு எழுதியிருக்கு. அந்த 'ச்' மிச்சம்."

"இருக்கட்டும் சார். எதுக்காவது உதவும்," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வண்டியில் ஏறினார்.

கடையைச் சுற்றி மூன்று தடவை ஓட்டினார். நிறுத்தினார், கிளப்பினார், பின்னால் எடுத்தார், முன்னால் எடுத்தார். வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. டொக்கும் இல்லை, யோசனையும் இல்லை. டாக்டரைக் கண்டதும் இருமலை விழுங்கிக்கொள்ளும் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

"எதுவும் இல்லையே சார்."

"என்கிட்ட மட்டும் வருது."

"அப்போ நீங்க ஓட்டுங்க, நான் கேக்குறேன்."

ஒற்றர் ஏறி உட்கார்ந்தார். எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். இருக்கையைச் சரிசெய்தார், கண்ணாடியைச் சரிசெய்தார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் அதனதன் இடத்தில் வைத்தார். இரண்டு கால்களையும் கீழே அதனதன் இடத்தில் வைத்தார். மெக்கானிக் பக்கத்து இருக்கையில் சாய்ந்து, கியர் குச்சிமேல் காதை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணை ஏன் மூடுறீங்க?"

"சத்தத்தைப் பிடிக்கணும்னா கண்ணை மூடணும் சார். முப்பது வருஷ அனுபவம்."

ஒற்றர் டி-க்கு மாற்றினார். இன்ஜின் உறுமியது. ஒன்று. இரண்டு. டொக். வண்டி ஒரு தூக்குத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. மெக்கானிக்கின் காது கியர் குச்சியில் இடித்தது.

"இருக்கு," என்றார் மெக்கானிக், காதைத் தேய்த்துக்கொண்டே. "தப்பா நினைக்காதீங்க, நீங்க ஓட்டுற விதத்துல ஏதாச்சும்..."

"பதினெட்டு வருஷமா அச்சகத்து வேனை ஓட்டுறேன். எனக்கா ஓட்டத் தெரியாது?"

மெக்கானிக் இறங்கி, பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

கார் ஏற்கெனவே பத்து வருஷம் ஓடிய பழைய வண்டி. இவர் கைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அதை வாங்கினார். ஏனென்றால் அது அவருக்காக வாங்கிய வண்டி அல்ல.

அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் இடது முட்டி நொறுங்கி, உள்ளே தகடு வைத்து, வேலையை விட வேண்டியதாயிற்று. இப்போது ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு வேலையில் சேர வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுவதற்கு லைசன்ஸும் எடுத்துவிட்டார், மூன்று மாதம் முன்னால். ஓட்டத்தான் வண்டி இல்லாமல் இருந்தது.

இப்போது வண்டி இருக்கிறது. ஆனால் ஒற்றர் சாவியைக் கொடுக்கவில்லை.

"சரியாகுற வரைக்கும் நீ தொடக் கூடாது. நான் பாத்து, 'பிழை இல்லை'னு கையெழுத்துப் போட்ட பிறகுதான்," என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு ஓட்டிப் பழக வேண்டாமாங்க? இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கு," என்றார் மனைவி.

"நடு ரோட்டுல யோசிக்கிற வண்டியில என்னத்தைப் பழகுறது?"

"அதில்லைங்க. நான் என்ன நினைச்சேன்னா..."

"இப்ப வேணாம். ஏற்கெனவே தலை சுத்துது."

மனைவி ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். பிறகு, "சரி. நாளையிலேருந்து காலையில அஞ்சு மணிக்கு நான் கீழ போய்ட்டு வரேன். முட்டிக்கு அசைவு குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்றார்.

"தாராளமா போ," என்றார் ஒற்றர். காலை ஏழரைக்கு முன் உலகம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. படுத்தால் கட்டை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே களத்தில் இறங்கினார். வண்டி இழுக்கத் தாமதித்தால் கியர் ஆயில் குறைவாக இருக்கலாம் என்று ஏதோ ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே இருந்தது. ஆகா, விட்டுப்போன எழுத்து கிடைத்துவிட்டது என்று ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினார். அதே வீடியோவில் 'இன்ஜினைச் சூடாக்கி, ஓடவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்' என்று அடுத்த நிமிடத்தில் வந்தது. அந்த அடுத்த நிமிடத்தை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் வண்டி இரண்டுக்குப் பதில் நாலு எண்ணும் வரை யோசித்தது. தெரு முனையில், பின்னால் பதினோரு வண்டிகள் ஹாரன் அடிக்க, ஒற்றர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். டொக் என்ற சத்தத்தில் 'க்' இப்போது முழுசாகவே வந்தது.

"பால் பொங்குற மாதிரி உள்ள நுரைச்சுக் கெடக்கு சார்," என்றார் மெக்கானிக், ஆயிலை வடித்துக்கொண்டே. "யாரு ஊத்துனது?"

"யாரோ," என்றார் ஒற்றர்.

ஆயில் முழுவதும் மாற்றியாயிற்று. தாமதம் நாலிலிருந்து மறுபடி இரண்டுக்கு வந்தது. டொக் அப்படியே இருந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வாரத்திலிருந்து வண்டியில் வேறு பேய்கள் புகுந்தன.

முதலில் இருக்கை. தினமும் காலை எட்டரைக்கு அவர் ஏறி உட்காரும்போது முட்டி போய் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை தானாக முன்னால் நகர்ந்திருந்தது. பின்னால் தள்ளி வைப்பார்; மறுநாள் மறுபடியும் முன்னால். பிறகு, கண்ணாடி. அவர் தூக்கி வைத்தால் மறுநாள் அது குனிந்திருக்கும். அதன் பிறகு ரேடியோ. செய்தியில் விட்டுவிட்டுப் போனால், காலையில் போட்டதும் யாரோ உருகி உருகிப் பாடிக்கொண்டிருப்பார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் குறைந்தது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பானெட் மூடி காலையில் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது.

ஒற்றர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். அட்டையில் 'பிழைப் பட்டியல்' என்று எழுதினார். ஒன்று, இழுவைத் தாமதம். இரண்டு, டொக். மூன்று, இருக்கை நகர்வு. நான்கு, கண்ணாடி குனிவு. ஐந்து, ரேடியோ தன்னிச்சை. ஆறு, பெட்ரோல் ஒழுகல். ஏழு, காரணமற்ற சூடு.

எட்டாவதுதான் அவரை உலுக்கிவிட்டது. தூரம் காட்டும் மீட்டர். அவர் வாரம் முழுக்க ஓட்டிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தார். மீட்டர் அதற்கு மேல் எண்பத்து நாலு கிலோமீட்டர் காட்டியது.

நேரே கீழே இறங்கி, வாட்ச்மேனிடம் போனார்.

குடியிருப்பின் வாட்ச்மேன் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று கொள்கை வைத்திருந்தார். முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரும் கேட்காமல் ஒரு விஷயத்தைச் சொல்லப்போய் ஒரு கல்யாணமே நின்றுவிட்டதாம். அன்றிலிருந்து கேள்வி இல்லாவிட்டால் பதில் இல்லை.

"வெளியாள் யாராவது என் வண்டிகிட்ட வந்தாங்களா?" என்றார் ஒற்றர்.

"வெளியாள் நிழல்கூட படல சார்."

"ராத்திரியில யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

"ராத்திரியில கேட்டைப் பூட்டிடுவேன் சார். ஒரு ஈ எறும்பு போகாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கேட்டதுக்கு யோசிச்சுத்தான் சார் சொல்றேன்."

ஒற்றர் மேலே வந்து பார்த்தார். சாவி சமையலறை ஆணியில் அதன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றார் ஒற்றர். "இதை வித்தவன் மீட்டரைப் பின்னாடி திருப்பி வச்சிருக்கான். அது இப்போ உண்மையை எட்டிப் பிடிக்கத் தானா ஓடுது."

மனைவிக்குப் புரையேறியது. வாயில் எதுவும் இல்லாமலே புரையேறியது.

"தண்ணி குடி," என்றார் ஒற்றர். "உனக்கே அதிர்ச்சியா இருக்குல்ல?"

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா..."

"இரு, மறக்கறதுக்குள்ள எழுதிடறேன்." எட்டு, மீட்டரின் மனசாட்சி.

மெக்கானிக் பட்டியலை இரண்டு முறை படித்தார். முதல் இரண்டைத் தவிர மற்ற எதையும் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் டொக் வரும் என்று அதை மாற்றினார். போட்டது கொஞ்சம் கெட்டியான ரப்பர். வண்டி முழுக்க உதற ஆரம்பித்தது. சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த ஒரு லாரி கண்ணாடியில் இரண்டு லாரியாகத் தெரிந்தது. நோட்டுப் புத்தகத்தில் 'ஒன்பது, நடுக்கம்' என்று எழுதப்போனால் எழுத்தே நடுங்கியது. மூன்று நாள் கழித்து வேறு ரப்பர் தேடி வாங்கிப் போட்டார்கள். நடுக்கம் நின்றது. டொக் நிற்கவில்லை.

மறுபடி வாட்ச்மேனிடம் போனார். இந்தத் தடவை கேள்வியை மாற்றினார். "நான் கிளம்புறப்போ வண்டியைப் பாக்குறீங்கல்ல? ஏதாச்சும் வித்தியாசமா தெரியுதா?"

வாட்ச்மேன் முகம் மலர்ந்தது. "தெரியுது சார். பின்னாடி சிவப்பு விளக்கு அணையவே மாட்டேங்குது. இன்ஜின் கத்துது, வண்டி நகருது, அப்பவும் எரியுது. ஏன்னா..."

"பிரேக் விளக்குச் சுவிட்ச்," என்றார் ஒற்றர். எழுதிக்கொண்டே நடந்துவிட்டார். வாட்ச்மேன் 'ஏன்னா'வைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கேள்விதான் போய்விட்டதே.

சுவிட்சும் மாறியது. கடைசியாக மெக்கானிக் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வண்டியில் சொருகினார்.

"சார், இந்த கியர்பாக்ஸ் ஓட்டுறவங்க பழக்கத்தைக் கத்துக்கிற ஜாதி. யாரு எப்படி மிதிக்கிறாங்கன்னு ஞாபகம் வச்சுக்கும். உங்க வண்டி என்னவோ குழம்பிப்போய்க் கெடக்கு. ஒரு நேரம் பூ மாதிரி ஓட்டுன மாதிரி இருக்கு, ஒரு நேரம் குதிரையைக் கட்டிப்போட்டு அடிச்ச மாதிரி இருக்கு."

"பழைய ஓனர் புத்தி," என்றார் ஒற்றர். "அழிங்க."

அழித்தார்கள். வண்டி எல்லாவற்றையும் மறந்தது. மறுநாள் காலை எட்டரைக்கு ஒற்றர் ஏறி உட்கார்ந்தார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. யாரோ உருகி உருகிப் பாடினார்கள். டி-க்கு மாற்றினார். ஒன்று. இரண்டு. டொக்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை மடிமேல் மூடி வைத்துக்கொண்டார். நாளை மறுநாள் திங்கட்கிழமை.

"மெக்கானிக்கை வரச் சொல்லிட்டேன்," என்றார். "நாளைக்குக் காலையில வண்டியைக் கொண்டுபோயிடுவார். வாங்குறதுக்கு ஆள் இருக்காம்."

மனைவி கையில் இருந்த வெள்ளைக் கோட்டை மடிப்பதை நிறுத்தினார். எட்டு வருஷமாகப் பெட்டிக்குள் இருந்த கோட்டு. பொத்தான் மாற்றி, இஸ்திரி போட்டு வைத்திருந்தார். "அப்போ என் வேலை?"

"வேண்டாம்னு சொல்லிடு. வேற வரும்."

"எட்டு வருஷத்துல இது ஒண்ணுதாங்க வந்துச்சு."

இத்தனை வருஷம் சொல்லாததை ஒற்றர் அன்றைக்குச் சொன்னார். "அன்னைக்கு ஸ்கூட்டரை ஓட்டுனது நான். பிரேக்ல ஒரு 'கீச்' வந்துச்சு. ரெண்டு நாளா வந்துச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். எனக்கு முழங்கையில ஒரு சிராய்ப்பு. உனக்குக் காலே போச்சு. ஊர்ல எவன் எழுதுறதுலயோ ஒரு புள்ளி விட்டுப்போனா எனக்குத் தூக்கம் வராது. ஆனா அந்த ஒரு சத்தத்தை விட்டுட்டேன். இப்போ இந்த டொக்கோட உன்னை விடிகாலையில தனியா அனுப்பச் சொல்றியா? என்னால முடியாது. பயமா இருக்கு."

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். மூன்று, நான்கு, ஐந்து என்று படிக்கப் படிக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இந்த ஒரு மாசமா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு பாக்குறேன். வாய் திறந்தா நீங்க திருத்துறீங்க, இல்லன்னா எழுதுறீங்க," என்றார். "சரி, நாளைக்கு வண்டியை அனுப்புறப்போ நானும் கீழ வரேன்."

"எதுக்கு?"

"வழியனுப்பத்தான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் நாலு பேர் நின்றார்கள். ஒற்றர், மனைவி, மெக்கானிக், கேட் பக்கம் வாட்ச்மேன். கார் ஒரு தூணுக்கும் இன்னொரு காருக்கும் நடுவில் இடுக்கில் நின்றது.

"நானே வெளிய எடுத்துத் தரேன்," என்றார் ஒற்றர். ஒரு மாதம் கூட இருந்த வண்டி. சண்டைக்காரனாக இருந்தாலும் வழியனுப்பும் மரியாதை என்று ஒன்று உண்டு. ஏறி உட்கார்ந்தார். இரண்டு கைகளும் அதனதன் இடத்தில், இரண்டு கால்களும் அதனதன் இடத்தில். டி.

இன்ஜின் கத்தியது. ஒன்று. இரண்டு. டொக். வண்டி எகிறி, தூணுக்கு நாலு விரற்கடை முன்னால் போய்க் குலுங்கி நின்றது. மெக்கானிக் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் ஒற்றர் ஜன்னல் வழியாக. "இதுல எப்படி அவளை அனுப்புறது?"

மனைவி மெதுவாக நடந்து வந்து, கதவைத் திறந்தார். "இறங்குங்க."

"என்ன?"

"கொஞ்சம் இறங்குங்களேன்."

இறங்கினார். மனைவி ஏறினார். தகடு வைத்த இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி, ஓர் ஓரமாக, கதவுப் பக்கம் நீட்டி வைத்தார். அப்புறம் குனிந்து பார்க்காமலே ஒரு கையால் நெம்பினார். இருக்கை சர்ரென்று முன்னால் வந்தது. இன்னொரு கை மேலே போய்க் கண்ணாடியைக் குனிய வைத்தது. விரல் ரேடியோவைத் தட்டியது. யாரோ உருகி உருகிப் பாடத் தொடங்கினார்கள்.

மூன்று. நான்கு. ஐந்து. ஒற்றர் வாய் திறந்தபடி தன் பட்டியலை எண்ணினார்.

கார் நகர்ந்தது. சத்தமே இல்லை. தூணுக்கும் பக்கத்துக் காருக்கும் நடுவே தண்ணீர் போல வெளியே வந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி மறைந்தது. அது போன விதத்தைப் பார்த்தால் தெருவுக்கே அந்த வண்டியைத் தெரியும் போலிருந்தது. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, ஒற்றரின் செருப்புக்கு ஓர் அடி தள்ளி, பூ விழுந்த மாதிரி நின்றது.

ஜன்னல் இறங்கியது. "தினம் பன்னிரண்டு கிலோமீட்டருங்க," என்றார் மனைவி. "ஆஸ்பத்திரி வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டுத் திரும்பிடுவேன். நீங்க தொடக் கூடாதுன்னு சொன்னதை மீறினது தப்புதான். ஆனா கையெழுத்துக்குக் காத்திருந்தா முதல் தேதி தாண்டியிருக்கும்."

ஒற்றருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு வருஷமாக வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தினமும் அவ்வளவு தூரம் போய்த் திரும்பியிருக்கிறாள். கண் கலங்கியது, மறைக்கவும் தோன்றவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூன்றாவது பிழையிலிருந்து எட்டாவது வரைக்கும் சிவப்புப் பேனாவால் நீளமாக ஒரு கோடு அடித்தார்.

நடுக்கத்தையும் விளக்கையும் ஏற்கெனவே அடித்தாயிற்று; முதல் இரண்டு மட்டும் மிச்சம் நின்றன.

"இது எல்லாம் நீதான், சரி," என்றார். "அப்போ அந்தத் தாமதமும் டொக்கும்? வண்டியில எங்கயோ ஒரு எழுத்து மிச்சமா இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"எனக்கு ஒரு நாளும் அந்தச் சத்தம் வரலைங்க. நீங்க ஓட்டுறப்போதான் வருது. முட்டியை நீட்டிக்கிட்டுப் பின் சீட்டுல உக்காந்துதான் நானும் கேட்டிருக்கேன்," என்றார் மனைவி.

மெக்கானிக் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்து, உதட்டைப் பிதுக்கினார். "ஆயில் புதுசு, ரப்பர் புதுசு, சுவிட்சு புதுசு. ஒண்ணும் புரியல சார்."

ஒற்றர் சுற்றிலும் பார்த்தார். கேட் பக்கம் வாட்ச்மேன், பல நாளாக அடக்கிவைத்த தும்மல் வரப்போகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களாவது சொல்லுங்க," என்றார் ஒற்றர், அலுத்துப்போய். "அவ எடுத்தா வராத சத்தம், நான் எடுத்தா மட்டும் ஏன் வருது?"

"அப்பாடா, இப்பத்தான் சார் கேக்க வேண்டியதைக் கேட்டிருக்கீங்க," என்றார் வாட்ச்மேன். "கிளட்ச் இல்லாத வண்டியில பழக்கதோஷத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கிளம்புறீங்களே, மிச்சமா இருக்கற அந்த எழுத்து உங்க இடது கால்தான்."